சித்தப்பா ஆபீஸில் நான் ஆடிய இரண்டாம் பாகம்

அமெரிக்காவிலிருந்து திரும்பிவந்த சித்தப்பாவுக்குத் திருப்பதியில் ஓர் ஆபீஸ் இருந்தது. இங்கேயிருந்தே வேலை பார்க்கச் சொல்லிக் கம்பெனிக்காரர்கள் அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னதை எங்கள் வீடு நம்பியது. வீடு நம்பியதால் ஊரும் நம்பியது. புத்தூருக்குப் பக்கத்தில் கரும்பு போட்டுப் பிழைத்த எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் ஆள் அவர்தான். தினமும் இஸ்திரி போட்ட சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸோடு ஏழரை மணி பஸ்ஸைப் பிடிப்பார். பொழுது சாயும்போது, நாள் முழுக்க மூட்டை தூக்கியவரைப் போல வந்து இறங்குவார். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் வேலை. அதற்குமேல் என்ன கேட்பது என்று எங்களுக்குத் தெரியாது.

எனக்கு அப்போது பத்து வயது. கோடை லீவில் என் அட்டகாசம் தாங்காமல் ஒருநாள் அம்மா அவரிடம், "இவளையும் இட்டுக்கினு போப்பா, நாலெழுத்து கம்ப்யூட்டர்ல கத்துக்கினு வரட்டும்" என்றாள். சித்தப்பா தன் அண்ணனை, என் நைனாவைப் பார்த்தார். "போய்ட்டு வரட்டும்டா. உன்னைப் பாத்து அதுவும் முன்னுக்கு வரட்டும்" என்றார் நைனா. அப்புறம் மறுக்க வழியில்லாமல் போய்விட்டது.

ஆபீஸ் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. அவரோடு படித்த ஒருவர் அங்கே கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தார். முன்னறையில் காலேஜ் பிள்ளைகள் டைப் அடித்துப் பழகினார்கள். பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, சூட்டைச் சுற்றிச் சுற்றி நம்மேலேயே இறைக்கும் ஒரு ஃபேன். ஐதராபாத்திலிருந்து வரும் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை அவருக்குப் புது கேம் சிடிகளை அனுப்பும். ஆடிப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். அதுதான் வேலை. உலகத்தில் இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று நான் வாய்பிளந்து நின்றேன்.

வீட்டில் சொல்லாதே என்று சித்தப்பா ஒருநாளும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. லீவு முழுக்க கேம் ஆடுகிறேன் என்று தெரிந்தால் அம்மா மறுநாளே நிறுத்திவிடுவாள்.

நான் போன சமயத்தில் வந்திருந்தது ஸ்கேட்போர்டு கேம் ஒன்றின் இரண்டாம் பாகம். நாலு சக்கரம் வைத்த பலகைமேல் ஒரு பையன் நின்றுகொண்டு போவான். படிக்கட்டுக் கைப்பிடி, திண்டு, காலி நீச்சல் குளம் எல்லாவற்றின் மேலும் ஏறி வழுக்கித் தாவ வேண்டும். சித்தப்பா ஆடினால் பையன் விழுந்துகொண்டே இருப்பான். இரண்டாம் நாளே கீபோர்டை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் ஆடி ஆடிச் சொல்வேன், அவர் நோட்டில் எழுதிக்கொள்வார்.

முதல் பாகத்தின் சிடியும் அவரிடம் இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். முதலாவதில் தாவி இறங்கினால் அந்த வித்தை அதோடு முடிந்தது. இரண்டாவதில் பின்சக்கரத்தில் சாய்ந்து உருண்டுபோய், அடுத்த தாவலையும் அதோடு கோத்துவிடலாம். புது ஊர்கள் வந்திருந்தன. நமக்கு வேண்டியமாதிரி மைதானம் கட்டிக்கொள்ளவும் வழி இருந்தது. "ஒண்ணே ஒண்ணுதான் நல்லால்ல சித்தப்பா. எவ்ளோ ஒசரத்துலேர்ந்து விழுந்தாலும் ஒடனே எழுந்துக்கினு போறான். முட்டிகூடத் தேயல" என்றேன். அதை எழுதினார். பிறகு கோடு போட்டு அடித்தார். மறுபடியும் எழுதினார்.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது, தயிர்சோற்றைப் பிசைந்தபடியே, "அங்க கம்பெனிய மூடிட்டாங்க. மூணு மாசம் ரூம்லயே கெடந்தோம், நாலு பேரு. வேற வேலை கெடைக்கல. மொதல் பாகத்த அப்பத்தான் ஆடினேன்" என்றார். மூன்று மாதம், பள்ளிக்கூடம் இல்லை, ஆடினால் திட்ட ஆள் இல்லை. சித்தப்பா கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதம் வீட்டில் அவருக்குக் கல்யாணப் பேச்சு முற்றியிருந்தது. நகரியில் பெண். நிச்சயத்துக்கு நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு வெள்ளிக்கிழமை பெண்ணின் அப்பா மலைக்குப் போய்விட்டு, மொட்டைத் தலையில் சந்தனம் காய, மாப்பிள்ளையின் ஆபீஸைத் தேடிக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டார். சித்தப்பா டீ வாங்கிவரக் கீழே போயிருந்தார். நான்தான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நீ யாரு பாப்பா?"

"அண்ணன் பொண்ணு."

"சித்தப்பாக்கு இங்க என்னா வேலை?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "கேம் ஆடிட்டு நல்லாக்குதா இல்லியான்னு எழுதுவாரு. ஐதராபாத் புக்குல வரும்" என்றேன்.

"அமெரிக்கா கம்பெனி வேலைன்னாங்களே?"

"அத்த எப்பவோ மூடிட்டாங்க. அப்பவும் ரூம்ல ஒக்காந்துக்கினு கேம்தான் ஆடினாரு."

அவர் திரையைப் பார்த்தார். பலகைமேல் பையன் அசையாமல் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான். சித்தப்பா இரண்டு டீ கிளாஸோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். பெண்ணின் அப்பா எழுந்து, "அப்ப நான் கெளம்பறேன் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். ஒரு கிளாஸை மேசைமேல் வைத்துவிட்டு என்னைக் கேட்டார் சித்தப்பா.

"இன்னா சொன்ன?"

சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டீயைக் கடைசிச் சொட்டுவரை மெதுவாகக் குடித்தார். "சரி, பத்துக்கு எவ்ளோ மார்க் போடலாம்?" என்று கேட்டார். எட்டு என்றேன். எட்டு என்றே எழுதி, மிச்சத்தையும் முடித்து அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் சேதி எங்களுக்கு முன்பாகவே வீடு வந்து சேர்ந்திருந்தது. "ஊரு மொகத்துல எப்பிட்றா முழிப்பேன்?" என்று நைனா கத்தினார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மா அடுப்படியில் அழுதாள். கல்யாணம் நின்றுபோயிற்று என்பதுமட்டும் எனக்கு விளங்கியது. நகரிக்காரர்களுக்கு கேம் என்றாலே பிடிக்காது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழரை மணி பஸ் ஆரன் அடித்துவிட்டுப் போயிற்று. சித்தப்பா எழுந்திருக்கவில்லை. எழுப்பிவரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். வாய் லேசாகத் திறந்திருக்க, கைகால்களை நாலு பக்கமும் போட்டுக்கொண்டு பாயைவிட்டுத் தரையில் உருண்டு கிடந்தார். தோளைப் பிடித்து உலுக்கினேன். புரண்டு படுத்துக் குறட்டை விட்டார். அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

திரும்பிப் போய் அம்மாவிடம் சொன்னேன்: "பாவம்மா, ரெண்டு வாரமா கேம் எழுதி எழுதி அசந்துட்டாரு."

அம்மா இட்லிப் பானையை மூடினாள். "தூங்கட்டும் வுடு" என்றாள்.

உச்சிப்பொழுது தாண்டியும் அவர் எழவில்லை. ஆடினது முக்கால்வாசி நான், களைப்பு மட்டும் இவருக்கு எப்படி வந்தது என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.