குங்குமப் பொட்டு வைத்த ஆணி

எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் நிஜ ஆயுதம் என்று ஒன்று உண்டென்றால் அது என் ஏர் ரைஃபிள்தான். மற்றதெல்லாம் ஸ்பானர், அரிவாள்மணை, பைக் சாவி. போன வருஷ பூஜையன்று நான் குரோம்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். என்னைக் கேட்காமல் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படைத்தவர் என் கணவர்.

அவர் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு வாஷர் விட்டுப்போனால் ஆளை நிற்க வைத்துக் கேள்வி கேட்பவர். வீட்டுக்கு வந்தால் அந்தக் கண் மூடிக்கொள்ளும், அதுவும் என் பொருள் என்றால்.

பூஜை முடிந்து வந்த ஞாயிறு எனக்குத் தகுதிச் சுற்று. தேறினால் மாநிலப் போட்டி. நாற்பதை நெருங்கும்போது சுடக் கற்றுக்கொண்டவள் நான். "குறி பாத்து யாரைச் சுடப் போறே?" என்று சொந்தக்காரர்கள் சிரித்ததற்கெல்லாம் அந்த ஒரு நாள் பதில் சொல்லும் என்று நம்பியிருந்தேன்.

என்னுடையது ஸ்பிரிங் துப்பாக்கி. அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சுட்டால் பின்னால் ஒரு உதை, உடனே முன்னால் ஒரு உதை. அந்த இரண்டாவது உதையில், நாம் கண்ணை வைத்துக் குறி பார்க்கிற பீப் சைட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகரும். ஸ்குரூவை எவ்வளவு முறுக்கினாலும் கேட்காது. அதற்காகவே சைட்டின் அடியில் ஒரு குட்டி ஆணி இருக்கிறது. துப்பாக்கியின் மேலுள்ள குழியில் அது இறங்கி உட்கார வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் கூடாது. நான் ஸ்பிரிட்டால் துடைத்து, ஆணியைக் குழியில் இறக்கி, ஸ்குரூக்களை மாற்றி மாற்றி முறுக்கி, சைட்டை ஒட்டிப் பின்னால் ஊசியால் ஒரு கோடும் கீறியிருந்தேன். கோடு மறைந்தால் சைட் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வண்டலூர் தாண்டி ஒரு ஷெட்டில் போட்டி. முந்தின ராத்திரிதான் வீடு திரும்பியிருந்தேன்; அங்கே போய்ப் பெட்டியைத் திறந்தால் துப்பாக்கிக் கட்டையில் சந்தனம், குங்குமம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் கோடு தெரிந்தது, சைட்டை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதலில் நன்றாகத்தான் விழுந்தது. பிறகு ஒன்று மேலே, ஒன்று ஓரத்தில். சைட்டைத் திருகிச் சரிசெய்தேன், அடுத்தது வேறெங்கோ போனது. என் மூச்சைத் திட்டினேன், என் கையைத் திட்டினேன். கடைசியில் தேறவில்லை. முடிந்த பிறகு பக்கத்தில் சுட்ட பெண், "அக்கா, உங்க சைட் நகர்ந்திருக்கு பாருங்க" என்றாள். கோடு இல்லை. விரலை வைத்தால் வழவழவென்று எண்ணெய்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "சைட்டைக் கழட்டினீங்களா?"

"ஆமா, பூஜைக்குன்னு சுத்தமா துடைச்சு ஆயில் போட்டேன். அடியில ஏதோ ஆணி துருத்திக்கிட்டு இருந்துச்சு. எக்ஸ்ட்ரா பீஸ்னு எடுத்துட்டேன். பழைய கோட்டுலயே டைட்டாத்தானே மாட்டினேன்?"

"எங்க அது?"

"சாமி முன்னாலதான். பத்திரமா வெச்சிருக்கேன்."

பூஜை அலமாரியில், காய்ந்த சாமந்திக்கு நடுவே கிடந்தது. அதற்கும் குங்குமம் வைத்திருந்தார். ஆணியைவிடப் பொட்டு பெரிது. அதைப் பார்த்ததும் அழுகை வரவில்லை, வெறுப்புதான் வந்தது.

"உங்க பைக் பிரேக்ல ஒரு ஆணி துருத்திக்கிட்டு இருந்தா கழட்டியிருப்பீங்களா?"

"அது வண்டிம்மா. டெய்லி வேலைக்குப் போற வண்டி" என்றார், ரொம்ப நிதானமாக.

ஆணியை ஸ்பிரிட்டில் துடைத்து, பழைய இடத்தில் மாட்டினேன். இந்த வருஷ பூஜைக்குப் பெட்டி பூட்டியே இருந்தது. சாவி என் தாலிச் சரட்டில், ஊக்குகளோடு தொங்கியது.