எட்டு வாளி முள்ளங்கி

முள்ளங்கி எனக்குத் தொண்டையில் இறங்காது. ஆக்குவேன், மற்றவர்களுக்குப் போடுவேன், நான் சம்பலோடு சாப்பிட்டு எழுந்துவிடுவேன். பத்து வயதில் அந்தச் சனியனுக்காக நான் பட்ட பாட்டைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வருகிறது.

மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், அம்மா, அப்பா, தம்பி, நான் என்று நாலு பேர் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் எதை நட்டாலும் குரங்குக் கூட்டம் வந்து பிடுங்கிப் போட்டுவிடும். அதனால் அம்மா பழைய பெயிண்ட் வாளிகள் எட்டைச் சேர்த்து, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கூரைக்கு அடியில் வரிசையாக வைத்து விதை போட்டாள். அந்த நாட்களில்தான் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் போகிறாள் என்று லயத்தில் பேச்சு அடிபட்டது. போக வேண்டாம் என்று நான் அழுது அடம்பிடித்தபோது, வாளிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "முள்ளங்கி நல்லா வரட்டும், பாப்போம்" என்றாள். பிள்ளைகளின் வாயை அடைக்கப் பெரியவர்கள் சொல்லும் பேச்சு அது. முள்ளங்கி நன்றாக வந்தால் அவள் போகமாட்டாள் என்று நான் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டேன்.

அப்பாவுக்குத் தோட்டத்தில் உரம் போடும் வேலை. இலை கறுத்துச் செழித்தால் செடி சுகமாக இருக்கிறது என்பதுதான் அவர் பிறந்ததிலிருந்து கண்டது. தேயிலைக்குப் போடுகிற அதே யூரியாவைக் கரைத்துக் கிழமைக்கு ஒரு தரம் வாளிகளுக்கு ஊற்றினார். இலைகளைப் பார்க்க வேண்டுமே! லயத்துச் சனமெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனது. அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். ஒன்றரை மாதம் கழித்துப் பிடுங்கினால், எலி வால் மாதிரி ஒரு வேர் தொங்கியது. எட்டு வாளியிலும் அதே கதை. கீரையையாவது சுண்டலாம் என்று அம்மா பொறுக்கி எடுத்தாள். நான் அன்று சாப்பிடவில்லை.

அம்மாவின் தம்பி, நாவுலயில் மரக்கறித் தோட்டம் செய்கிற மாமா, அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார். வாளிகளைப் பார்த்ததும், "என்ன மச்சான், முள்ளங்கியிலயும் கொழுந்து எடுக்கப் போறீங்களா?" என்று சிரித்தார். அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. பாவம், அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. யூரியா இலையைத்தான் வளர்க்கும், கிழங்கு வைக்க விடாது என்றார் மாமா. கூரை நிழலில் செடி வெயிலைத் தேடி நெட்டையாகத்தான் போகுமாம். போதாததற்கு ஒரு வாளியில் பத்துப் பன்னிரண்டு நெருக்கிக்கொண்டு நின்றன. முளைத்ததைப் பிடுங்கிப் போட அம்மாவுக்கு மனசு வராது. "உசுரோட நிக்கிறதப் புடுங்குறதா?" என்பாள்.

இரண்டாம் தரம் நானே பொறுப்பெடுத்தேன். மண்ணைக் கொட்டிக் கல் பொறுக்கினேன். மணலும் மக்கிய சாணியும் கலந்தேன். அப்பாவை வாளிப் பக்கமே விடவில்லை. நாற்று நாலு இலை விட்டதும் வாளிக்கு மூன்றை வைத்துவிட்டு மிச்சத்தைப் பிடுங்கினேன். அம்மா பார்க்கமாட்டாமல் உள்ளே போய்விட்டாள். வாளிகளை வெயிலுக்கு இழுத்து வைத்து, பள்ளிக்கூட விடுமுறை முழுக்கத் தகரத்தைத் தட்டிக் குரங்கு விரட்டினேன். அம்மா அடிக்கடி டவுனுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினாள். எங்கே போனாய் என்று கேட்கக்கூட எனக்கு நேரமில்லை.

ஒருநாள் காலையில் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெள்ளையாகத் தலை தெரிந்தது. பிடுங்கினேன். என் மணிக்கட்டை விடப் பருமன்! அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, "அம்மா, வந்துருச்சு! இனி நீ போக வேணாம்!" என்று கத்தினேன். அம்மா அதை வாங்கி மடியில் வைத்து, ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். பிறகு, "வா, நீயே ஆக்கு" என்றாள்.

அன்றைக்கு அவள் கத்தியைத் தொடவில்லை. பக்கத்தில் குந்திக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள். தேங்காய்ப் பாலை எப்போது விடுவது, உப்பு எவ்வளவு, ஈர விறகு புகைந்தால் என்ன செய்வது, கை சுடாமல் சோறு வடிப்பது எப்படி. தம்பிக்கு உறைப்பில்லாமல் முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்பதை மூன்று தரம் சொன்னாள். "ஒரே நாள்ல எம்புட்டும்மா சொல்லுவ?" என்று சலித்துக்கொண்டேன். நான் ஆக்கிய கறியை அவள் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

அம்மா போகமாட்டாள் என்று அன்று பின்நேரம் லயத்தில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு அக்கா என் தலையைத் தடவினாள். அம்மாவுக்கு விசா வந்து ஒரு கிழமை ஆகிவிட்டது என்று அவர்களுக்கெல்லாம் தெரியும். தான் இல்லாத அடுப்படியில் என்னை நிறுத்தத்தான் அவள் அன்றைக்கு அத்தனை அவசரப்பட்டாள் என்பது எனக்கு மட்டும் விளங்கவில்லை.