அட்டையைப் பார்த்துச் செய்த ஜெபம்

சபையாரே, ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இன்று மைக்கைக் கேட்டு வாங்கினேன். என் பெயர் எஸ்தர். வயது எழுபத்து நான்கு. இடுப்பு எலும்பு முறிந்ததால் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அது இந்த இல்லத்து மேனேஜருக்கு நன்றாகத் தெரியும்.

போன ஐப்பசியில் படூர் பக்கமுள்ள இந்த முதியோர் இல்லத்துக்கு வந்தேன். பதினாலு கட்டில் போட்ட கூடத்தில் எனக்கு அடுத்த கட்டில் கன்னியம்மாவுக்கு. மாமல்லபுரத்துப் பக்கம் குப்பத்துக்காரி, கூடை சுமந்து மீன் விற்றவள். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. புரண்டு படுக்கவும் முடியாது. இப்படிக் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு புண்ணாகிவிடும். செங்கல்பட்டில் முப்பது வருடம் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்தவள் நான். இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

கால்மாட்டில் நேரத்துக்கு ஒரு கட்டம் போட்ட அட்டை தொங்கும். திருப்பத் திருப்பக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதெல்லாம் இங்கே காலை எட்டு மணிக்கே மாலை வரைக்கும் கையெழுத்து விழுந்துவிடும். கன்னியம்மா மட்டும் அப்படியே கிடப்பாள். கண்ணோரத்தில் நீர் வழியும். மூன்றாவது வாரம் ஒரு வாடை வந்தது. எனக்கு அந்த வாடை தெரியும். படுக்கைப்புண்.

எங்களைப் பார்த்துக்கொள்ளும் மல்லிகாவைக் கேட்டேன். "நா ஒருத்தி, பதினாலு பேரு. இன்னாம்மா பண்ணச் சொல்ற?" என்று அழுதாள். மேனேஜரிடம் சொன்னேன். "அட்டைல எல்லாம் கரெக்டா இருக்கே பாட்டி, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். அதற்கு மேல் பேசினால் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். எனக்குப் பிள்ளை இல்லை, வீடும் இல்லை. போர்வையை முகத்தில் இழுத்துப் போட்டு அழுதேன். ஆண்டவரே, யாரையாவது அனுப்பும் என்று தினமும் கேட்டேன். யாரும் வரவில்லை. கோபம் வந்துவிட்டது. உமக்குக் கண் இல்லையா என்றே கேட்டேன். அப்புறம் வேண்டுதலை மாற்றினேன். யாரும் வர வேண்டாம், என் பயத்தை மட்டும் எடுத்துப்போடும் என்றேன்.

அடுத்த ஞாயிறு, நம் சபையார் நீங்கள் இன்றுபோலவே இங்கே பாட வந்தீர்கள். உறவினர்கள் வரும் நாளும் அதுதான். கன்னியம்மாவின் மகன் ஏழுமலை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவள்மேல் புதுப் போர்வை, பவுடர் வாசனை. மேனேஜர் போட்டோ எடுத்துக்கொண்டே, "எஸ்தர் பாட்டி ஒரு ஜெபம் பண்ணுவாங்க" என்றார். ஜெபத்தை யாரும் நடுவில் நிறுத்த மாட்டார்களே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாரும் கண்ணை மூடினீர்கள். நான் கன்னியம்மாவின் அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆண்டவரே, இப்ப மணி பதினொண்ணு. சாயங்காலம் ஆறு மணிக்குத் திருப்பிட்டதா இதுல கையெழுத்து இருக்கு. இன்னும் வராத ஆறு மணிக்கு யாரு திருப்பினாங்கன்னு உமக்குத்தான் தெரியும். கன்னியம்மா காலையில இருந்து ஒரே பக்கம் கெடக்குறா. முதுகுப் புண்ணைப் பவுடர் போட்டு மறைச்சிருக்காங்க. மல்லிகா ஒருத்தியே பதினாலு பேரைத் தூக்குறா, அவ இடுப்பையும் பாரும்."

மேனேஜர் இருமினார். நான் சத்தத்தைக் கூட்டினேன். ஏழுமலை போர்வையை விலக்கிவிட்டான்.

"யம்மா! இன்னா சார் இது? எங்கம்மா முதுகுல இன்னா கீது?"

அப்போதுதான் ஆமென் சொன்னேன்.

அன்றே டாக்டர் வந்தார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் எலும்பைத் தொட்டிருக்கும் என்றார். உறவினர்கள் மேனேஜரை விடவில்லை. இப்போது மல்லிகாவோடு இன்னும் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அம்மாவை வேறு இடத்துக்கு மாற்றப்போகிறாயா என்று ஏழுமலையைக் கேட்டேன். "நீ கீற வரைக்கும் எங்கியும் இட்டுகினு போமாட்டேன் பெரிம்மா" என்றான். புண் ஆற மூன்று மாதம் ஆனது. போன வாரம் புதுத் தோல் மூடியிருப்பதை என் கண்ணால் பார்த்தேன்.

என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஜெபித்திருப்பேன்.

பிரியமானவர்களே, என்னைப்போல் போர்வைக்குள் அழுதுகொண்டிருக்காதீர்கள். கர்த்தரை நம்பி, வாயைத் திறந்து சத்தமாகக் கேளுங்கள். இதோ, கன்னியம்மாவின் இன்றைய அட்டையைக் கொண்டுவந்திருக்கிறேன். கண்ணைத் திறந்தே பாருங்கள். இப்போது மணி பத்தரை. பத்து மணி வரைக்கும்தான் கையெழுத்து இருக்கிறது. அதற்குக் கீழே எல்லாக் கட்டமும் காலி. அந்தக் காலிக் கட்டங்களுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.