கண்ணாடி போட்ட டிரைவர்

என் வீட்டுக்காரர் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைக்கு ஆளேற்றிப் போகும் வேன் ஓட்டுகிறார். அவருக்குக் கிட்டப்பார்வை என்பது ஊரில் எவருக்கும் தெரியாது. எனக்கே கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு நாள் நான் முன்சீட்டில் இருந்தேன். அடியிலிருந்து உச்சிவரை மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரம் ஒன்றின் முன் வேனை நிறுத்தி, "ஏனுங்க, வாரீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். மரம் வாய் திறக்கவில்லை.

"பெரிய மனுசனாட்ட இருக்குது, பேசவே மாட்டீங்கறாரு" என்று கியரைப் போட்டார்.

வீடு வந்ததும் வண்டிச் சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். கண்ணாடி போடச் சொன்னதற்கு அவர் மசியவில்லை.

"கண்ணாடி போட்ட டிரைவரு வண்டில எவன் ஏறுவான்? எல்லாம் அடுத்த வேனுக்குப் போயிருவாங்க."

எங்களுக்குச் சோறு போடுவது அந்த வேன்தான். அந்தப் பயம் எனக்கும் இல்லாமல் இல்லை. கண்ணுக்கு லேசர் வைத்துக்கொண்டால் கண்ணாடியே வேண்டாம் என்று யாரோ சொல்ல, பஸ் ஏறி சேலம் போனோம்.

அங்கே முதலில் கண்ணை அளந்தார்கள். தாடையை ஒரு மேடையில் வைத்து, வட்டம் வட்டமாக வெளிச்சம் வரும் கருவிக்குள் பார்க்க வேண்டும். இவர் நொடிக்கொருதரம் வலப்பக்கம் கண்ணை ஓட்டினார். சைடு மிரர் பார்க்கும் பழக்கம். அளந்த பெண் பொறுமையாக, "நேராப் பாருங்க, இமைக்காதீங்க" என்றார்.

"மலை ரோட்ல வண்டி ஓட்றவனுங்க நானு. இமைக்காம இருக்க எனக்கே சொல்லித் தரீங்களா?" என்று கேட்டுவிட்டு, இமைத்தார்.

டாக்டர் திரையில் கருவிழியின் படத்தைக் காட்டினார். ஓரமெல்லாம் நீலமும் பச்சையுமாக, நடுவில் சிவப்பாக இருந்தது.

"சிவப்பு இருக்கிற இடம் ரொம்ப மேடா இருக்கு. கருவிழி மெல்லிசாவும் இருக்கு. கண்ணோட நீளமும் அதிகம், அதனாலதான் தூரத்துல இருக்கிறது மங்குது. லேசர்ல சீவுனா கருவிழி இன்னும் பலவீனமாயிடும். உங்களுக்குக் கண்ணாடிதான்."

"மலையவே வெட்டி ரோடு போட்டுட்டாங்க. இத்தினியூண்டு மேட்ட வெட்ட முடியாதுங்களா?"

"மலை கெட்டியா இருக்குங்க" என்றார் டாக்டர்.

கண்ணாடி வந்த மறுநாள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் அதைப் போடுகிறாரா என்று பார்க்க நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்த் திரும்பிய ஆட்களால் வேன் நிறைந்திருந்தது. புறப்படும்போது இவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, திருட்டுச் சாமான் மாதிரி மாட்டினார். பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏந் தம்பி, கண்ணாடி எப்ப இருந்து?" என்றார் பின்னால் ஓர் அக்கா.

"இன்னிக்கித்தானுங்க."

"அப்ப இதுவரைக்கும்?"

"வளைவெல்லாம் மனப்பாடமுங்க."

"எதுக்கால வர்ற லாரியுமா தம்பி?"

இவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார். எல்லோரும் இறங்கிவிடுவார்கள் என்றே நினைத்தேன். ஒருவரும் இறங்கவில்லை.

"கழட்டாம ஓட்டு, போதும்" என்றார் அக்கா.

பாதி மலையில் ஒரு வளைவில், மேலிருந்து வந்த பஸ்ஸுக்கு வழிவிட வேனை ஓரம் கட்டினார். எதேச்சையாக ஜன்னல் வழியே கீழே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் போன பிறகும் வண்டியை எடுக்கவில்லை.

"ஏம்புள்ள," என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி, "இது இத்தன பள்ளமாவா இருந்துச்சு?"

"ஆமாங்க" என்றேன். "எப்பவும் இத்தனதாங்க."