இந்த வளவில் நான் எதைச் சாப்பிடலாம்?

பின்னேர அஸர் தொழுகையில் சுஜூதுக்குப் போன நான் எழும்பவில்லை. நெற்றி பாயில் இருக்கிறது, கைகள் ஊன்றியிருக்கின்றன, கால்கள் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. வலி இல்லை, மயக்கமும் இல்லை. தொடைகள் இரண்டும் ஈரமணல் மூட்டைகளாகக் கிடந்தன. நெஞ்சு ஒரு தடவை அடித்தது, நின்றது, பிறகு நினைத்துக்கொண்டு மறுபடி அடித்தது.

கணவர் வந்து பார்த்தபோது பக்கவாட்டில் சரிந்து கிடந்தேன்.

"என்ன புள்ள, இடுப்புல நாரி பிடிச்சிட்டா?"

"நாரி இல்ல. கால் ஏலாம கிடக்கு" என்றேன். அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் என்னைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

சிறுநீரக வருத்தத்தோடு வாழ்கிறவர்களுக்காகவும், அவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று காத்திருந்து பார்த்தேன், ஆறவில்லை.

எனக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம் (நீரிழிவு). கிளினிக்குக்குப் போன நாளெல்லாம் ஒரே பாடம்: இலைவகை கூடுதலாகச் சாப்பிடுங்கள். சீனி வருத்தத்துக்கு அது நல்ல பாடம்தான். போன வருடம் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு; அது இரத்தத்தில் தேங்கினால் சிறுநீரகம் பழுது) ஏறிவிட்டது என்றார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், பிரஷர் குளிசையை மாற்றினார்கள், மாதா மாதம் வரச் சொன்னார்கள். இலைவகை பற்றிய பழைய பாடத்தை மட்டும் ஒருவரும் திரும்பப் பெறவில்லை. நான் கணக்கு ரீச்சர். கேள்வி மாறினால் விடையும் மாறும் என்பது ஏழாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் வளவு (வீட்டைச் சுற்றியுள்ள நிலம்) பெண்பிள்ளைக்குத்தான் போகும். உம்மாவின் வளவை இரண்டாக்கி ராத்தாவுக்கு, அதாவது என் மூத்த சகோதரிக்கு, ஒரு வீடும் எனக்கு ஒரு வீடும் கொடுத்தார்கள். நடுவில் மதில். முருங்கை ராத்தாவின் பக்கம், கிணறு என் பக்கம். அரிசி கழுவிய தண்ணீரையும் மீன் கழுவிய தண்ணீரையும் ஊற்றி ஊற்றி இந்தக் கடற்கரை மணலைத் தோட்டமாக்கியவர்கள் எங்கள் பெண்கள். சண்டைக் காலத்தில் சந்தை பூட்டிக் கிடந்த நாட்களில் எங்களுக்குச் சோறு இறங்கியது அந்த இலைகளால்தான். வளவில் முளைத்ததின் மேல் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

என் வருத்தம் வெளியே தெரிந்ததும் அந்த நம்பிக்கை படையெடுத்து வந்தது. கிட்னி வருத்தமென்றால் வயலுக்குப் போடும் பசளையும் கிருமிநாசினியும்தான் காரணம் என்று ஊர் முடிவு கட்டி வைத்திருக்கிறது. எனக்குச் சீனியால் வந்தது என்று சொன்னாலும் கேட்க ஆளில்லை. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது. முன்பெல்லாம் பிஸ்கட்டும் அப்பிளும் வரும். இப்போது வந்தவரெல்லாம் தங்கள் வளவிலிருந்தே கொண்டு வந்தார்கள்: செவ்விளநீர், ஈரப்பலாக்காய், வாழைச்சீப்பு, ஆனைக்கொய்யா (அவகாடோ). "இதுல நஞ்சில்ல" என்பதையும் மறக்காமல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ராத்தா எல்லாரையும் மிஞ்சினார். காலையில் முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் அரைத்த இலைக்கஞ்சி. பகலுக்கு முருங்கை இலைப் பாலாணம் (தேங்காய்ப்பால் கறி), பின்னேரம் செவ்விளநீர். கோப்பை திரும்பிப் போகச் சுணங்கினால் மதிலுக்கு மேலால் தலை தெரியும்.

"குடிச்சியாகா?"

"ஓம் ராத்தா."

அதற்குப் பிறகுதான் அந்த அஸர்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எடுத்த கையோடு ஓட்டமும் நடையுமாக வேலை நடந்தது. பொட்டாசியம் (உணவிலிருந்து வரும் ஓர் உப்புச்சத்து, பழுதான சிறுநீரகத்தால் அதைக் கழிக்க முடியாது, கூடினால் தசையும் இதயமும் தளரும்) எல்லை தாண்டியிருந்ததாம். இதயத்தைக் காக்கக் கல்சியம் ஏற்றினார்கள். பொட்டாசியத்தை இரத்தத்திலிருந்து இறக்க இன்சுலினும் குளுக்கோசும் ஏற்றினார்கள்.

"அம்மா, கொஞ்சம் பிந்தியிருந்தா இதயம் நின்டிருக்கும். என்ன சாப்பிட்டீங்க?" என்று டொக்டர் கேட்டார்.

"கடைச் சாமான் ஒண்டும் இல்ல டொக்டர். எல்லாம் எங்கட வளவு இலைதான்."

"அதுதான்" என்றார் அவர்.

அடுத்த நாள் ராத்தா வார்ட்டுக்கு வந்தார். கையில் ஒரு போத்தல் செவ்விளநீர்.

"இதக் குடி. உடம்புச் சூடு தணியும்."

"இதுதான் ராத்தா என்ன இஞ்ச கொண்டு வந்து போட்டது. இலைக்கஞ்சியும்தான். டொக்டர் சொல்லிட்டார்."

"உம்மா நட்ட முருங்க மனுசரக் கொல்லுமா? நான் என்ன உனக்கு நஞ்சா காய்ச்சித் தந்தன்?"

அடுத்த கட்டில்காரி எழும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்தா போத்தலையும் தூக்கிக்கொண்டு போனார். அதன் பிறகு மதிலுக்கு மேலால் தலை தெரியவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று பெருந்தன்மை காட்ட மாட்டேன். இருந்தது. சாகப் பிழைத்துக் கிடக்கிறவள் நான், ஆறுதல் எதிர்பார்க்கிறவர் அவர்!

வீட்டுக்குப் போகும்போது ஒரு தாள் தந்தார்கள். சாப்பிடக் கூடியவை: அஸ்பராகஸ், புளூபெரி. கல்முனைச் சந்தையில் அஸ்பராகஸ் கூவி விற்கிறவரை யாராவது எனக்குக் காட்டுங்கள், பார்க்க ஆசை. அடியில் பேனையால் 'இலைவகை வேண்டாம்' என்று ஒரு வரி. அவ்வளவுதான். இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் வருத்தம் பிடித்த எங்களுக்கு, இங்கே முளைப்பதில் எதைத் தின்னலாம் என்று சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை.

கணக்கில் செய்கை காட்டாத விடைக்கு நான் புள்ளி போட்டதில்லை. அடுத்த கிளினிக்கில் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"டொக்டர், எங்கட வளவுல நிக்கிறத ஒவ்வொண்டா சொல்றன். சாப்பிடலாமா இல்லையா எண்டு சொல்லுங்க."

வெளியே வரிசை நீண்டிருந்தது. அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, சொல்லுங்கம்மா."

"முருங்கை இலை?"

"இப்ப வேணாம்."

"செவ்விளநீர்?"

"தொடவே வேணாம்."

"ஈரப்பலா? வாழைப்பழம்?"

"ரெண்டும் வேணாம்."

"புடலங்காய்?"

அவர் பேனையை வைத்தார். "அது சாப்பிடலாம்."

"சுரைக்காய்? பீர்க்கு?"

"அளவோட சாப்பிடலாம்."

"அப்ப அத ஏன் டொக்டர் ஒருத்தரும் சொல்லல்ல? இல்லாதத மட்டும் சொன்னா நாங்க காத்தையா குடிக்கிற?"

அவருக்கு முகம் சிவந்தது. ஆனால் பதில் சொன்னார், அதற்காக அவருக்குப் புள்ளி உண்டு. பொட்டாசியம் தண்ணீரில் கரையும். மரக்கறியைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். "ரிப்போர்ட் தொடர்ந்து நல்லா வந்தா, முருங்கையும் ரெண்டு கரண்டி பாப்பம்" என்றார்.

இது என் இரத்தத்துக்குச் சொன்னது. உங்கள் இரத்தம் வேறு. உங்கள் வளவில் நிற்பதை நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுக்கட்டும். அவர்களும் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

கிணற்றடியில் பந்தல் போட்டுப் புடலும் பீர்க்கும் ஏற்றினேன். அவித்த தண்ணீரை ஊற்றும்போதெல்லாம் கணவரின் முகம் சுருங்கும். "சத்தெல்லாம் போகுதே புள்ள" என்பார். போகட்டும் என்பேன். ஒரு நாள் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார்.

மாதங்கள் போயின. பொட்டாசியம் அளவுக்குள் நின்றது. போன வாரம் டொக்டர் ரெண்டு கரண்டிக்கு அனுமதி தந்தார். மரமோ ராத்தாவின் வளவில். நான் கேற்றைத் திறந்து போனேன்.

"ராத்தா, ஒரு சிறங்கை முருங்கை இலை தாங்க."

"இப்ப நஞ்சில்லையா?"

"நஞ்சுமில்ல, மருந்துமில்ல. இலை. எனக்கு ரெண்டு கரண்டி காணும்."

அவர் ஒடித்துத் தந்தார். நான் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தபோது பின்னால் வந்து நின்றார். இலை வெந்து தண்ணீர் பச்சையானது. சட்டியைச் சரித்தேன்.

"அல்லாஹ்வே, எல்லாச் சத்தையும் ஊத்துறியேகா."

"ஓம் ராத்தா. அந்தச் சத்தத் தாங்குற கிட்னி எனக்கிட்ட இல்ல."

என் கிட்னிக்கு ஏலாது என்பதை அவர் முன்னால் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ராத்தா சட்டியை என் கையிலிருந்து வாங்கினார். மறுபடி தண்ணீர் வைத்தார். இரண்டாவது தண்ணீரை அவரே ஊற்றினார்.

கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினோம். அவர் ஒரு நுள்ளு வாயில் போட்டுப் பார்த்தார். "என்னகா இது, வைக்கோல்!" உண்மைதான், ருசியே இல்லை. நான் இரண்டு கரண்டியையும் சாப்பிட்டேன். கோபம் இப்போதும் இருக்கிறது, பசியும் இருந்தது.

மற்றவர்களுக்குக் கை கழுவினால் சாப்பாடு முடிந்துவிடும். எனக்கு அது அடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் முடிகிறது. உள்ளே போனதை உடம்பு என்ன செய்தது என்பது எனக்கே பிந்தித்தான் தெரிய வரும்.

"அந்த உப்பு கூடாம இருக்குமாகா?" என்று ராத்தா கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வந்தாத்தான் தெரியும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யிற?"

"காத்திருங்க ராத்தா. நானும் அதத்தான் செய்றன்."