முள்ளம்பன்றி போட்ட வோட்டு

மடுல்சீமையில் வேர்வை சிந்தி முன்னுக்கு வந்த ஆள் யார் என்று கேட்டால், தம்பையா தன் பெயரைத்தான் சொல்வார். வேறு யாரும் சொல்ல அவர் இடம் கொடுப்பதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதர், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் கைவிடப்பட்டுக் கிடந்த தேயிலை நிலத்தைப் போஞ்சியும் மரவள்ளியுமாக மாற்றிக் காட்டினார். லேசான காரியமா அது? மம்பட்டிக்குப் பிடிகூடக் கடையில் வாங்கியதில்லை. கொய்யாக் கட்டையைத் தானே செதுக்கி, தனக்கொன்று, மனைவி பெரியாயிக்கொன்று என்று போட்டுவைத்தார்.

விவசாயச் சங்கத்துக்குத் தலைவரைத் தெரிவு செய்யும் நாள் வந்தது. அந்த நாற்காலி தனக்கே என்று தம்பையா விடிந்ததுமே வெள்ளை வேட்டி கட்டிவிட்டார். அன்று பார்த்து, பின்சுவரில் சாய்த்திருந்த மம்பட்டியின் பிடி கண்டபடி சுரண்டப்பட்டுக் கிடந்தது. போட்டிக்கு நிற்கும் விஜேந்திரனின் வேலைதான் என்று முடிவு கட்டி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்.

"என் பொழப்பையே அறுத்துட்டான் இவன்."

"அண்ணே, நான் அறுக்கிறதுன்னா வாள் கொண்டாந்து அறுப்பேன்," என்றான் விஜேந்திரன், பிடியில் பதிந்திருந்த பல் தடங்களைப் பார்த்து. "பல்லால எதுக்கு?"

பயிரை அழிக்கும் மிருகங்களைப் பற்றிப் பேசப் பதுளையிலிருந்து வந்திருந்த வனஜீவராசிகள் உத்தியோகத்தர் நிரஞ்சலா, பிடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"முள்ளம்பன்றி, ஐயா."

"அப்ப சுருக்குக் கம்பி கட்டிர வேண்டியதுதான், மிஸ்," என்றார் தம்பையா.

"கட்டாதீங்க, சிறுத்தைதான் வந்து மாட்டும். இது தின்னுறது கிழங்கும் பட்டையும். அதுல உப்பு ரொம்பக் குறைவு. உடம்பு உப்புக் கேக்கும்போது, வேர்வை ஊறின கட்டையாத் தேடி வந்து கடிக்கும். மம்பட்டியை உள்ள எடுத்து வச்சாப் போதும்."

தம்பையாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. விஜேந்திரன் செய்த குற்றமெல்லாம் மறந்தே போயிற்று.

"கேட்டீங்களா? யாரோட வேர்வையில உப்பு இருக்குன்னு காட்டு மிருகத்துக்கே தெரிஞ்சிருக்கு."

கூட்டம் கைதட்டியது. பெண்கள் பக்கமிருந்து பெரியாயி எழுந்தாள்.

"இந்தாங்க, அது என் மம்பட்டிங்க. வாய் தேஞ்சிருக்கு பாருங்க. உங்களோடது அதுக்குப் பக்கத்துலதான் சாஞ்சிருந்துச்சு."

விஜேந்திரன் ஓடிப்போய் மற்றதை எடுத்து வந்தான். பிடியில் ஒரு பல்கூடப் பட்டிருக்கவில்லை. தகட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

"முள்ளம்பன்றி இதை மோந்து பாத்துட்டு, கடைச் சாமான்னு நெனச்சு விட்டுட்டுப் போயிருக்கு, அண்ணே."

"நான் எதையும் பத்திரமா பாவிக்கிறவன்," என்றார் தம்பையா.

"வோட்டுப் போட வேண்டியது போட்டிருச்சுப்பா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு அடங்குமுன் விஜேந்திரனே பெரியாயியின் பெயரை முன்மொழிந்தான். எதிர்த்து ஒரு கை எழவில்லை. தம்பையாவின் கைகூட எழவில்லை.

அன்று சாயந்தரம் பெரியாயி இரண்டு மம்பட்டிகளையும் வீட்டுக்குள் எடுத்து வைத்தாள். அவளை வாழ்த்த வந்தவர்களைத் தம்பையா வாசலிலேயே நிறுத்தினார்.

"தலைவியோட மம்பட்டிக்குப் பிடி செதுக்கினது யாருன்னு கேட்டுட்டு உள்ள போங்க."