வெறும் வயிறு

மயக்க மருந்து மேற்படிப்பில் அது எனக்கு இரண்டாம் ஆண்டு. படிப்பும் வேலையும் சென்னையில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில், வீடு ஊரப்பாக்கத்தில். ஐந்தரை மணி ரயிலைப் பிடித்தால்தான் ஆபரேஷன் தியேட்டரில் மருந்துகளை ஊசிகளில் ஏற்றி, பெயர் எழுதி ஒட்டி, இயந்திரத்தைச் சோதித்து முடிக்க முடியும். அந்த வருடத்தில் கண்ணைத் திறந்து எழுந்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது. தூங்கியது ஞாபகமில்லை.

குடலிறக்கத்துக்காகத் திருவிடந்தையிலிருந்து ஒரு மீனவர் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வலை இழுத்து இழுத்து அடிவயிற்றில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. இரண்டு முறை அவருக்கு நாள் குறித்து, இரண்டு முறையும் அவசர கேஸ் வந்து தள்ளிப்போனது. மதியம் மூணு மணிக்கு வார்டுக்குப் போய், "இன்னிக்கு இல்லைங்க, சாப்பிடுங்க" என்று சொன்னவள் நான்தான்.

மூன்றாவது முறை மேஜை வரைக்கும் வந்துவிட்டார். பதினோரு மணி.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"பச்சத் தண்ணி கூட குடிக்கலம்மா."

தொண்டையில் குழாய் போட வேண்டி வந்தால் இடமிருக்கிறதா என்று கடைசியாக ஒரு தடவை பார்ப்போம். வாயைத் திறக்கச் சொன்னேன். கடைவாய்ப் பல்லில் கொத்தமல்லி இலை ஒன்று பச்சை மாறாமல் ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

"நேத்து துன்னதும்மா," என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

வெளியே வந்தேன். அவர் மனைவி ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"நாலு இட்லி துன்னாரு. நான்தான் வாங்கியாந்து குடுத்தேன். இன்னா பண்ணச் சொல்ற? ரெண்டு தபா பட்டினி போட்டு அனுப்பிட்டீங்க. போன தபா பஸ் ஸ்டாண்டுலயே கண்ணு இருட்டிகினு உக்காந்துட்டாரு. இன்னிக்கும் இல்லன்னுதான் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

உள்ளே கையுறை மாட்டி நின்றிருந்த அறுவை மருத்துவர், "முதுகுல ஊசிதானே, போட்டுடேன்" என்றார். அவருக்கும் களைப்பு. இடுப்புக்குக் கீழே மரக்க வைக்கும் அந்த முதுகு ஊசி சில நேரம் பிடிக்காது. அப்புறம் முழு மயக்கம் கொடுக்க வேண்டும். அப்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். அப்படிப் போன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். என் பேராசிரியைக்குப் போன் செய்தேன். "கேன்சல் பண்ணு. நீயே போய்ச் சொல்லு" என்றார்.

சொன்னேன். மேஜையில் படுத்திருந்த மீனவர் எழுந்து உட்கார்ந்தார்.

"மூணாவது தபா. உனுக்கு இன்னா, நீ பாட்டுக்கு சொல்லிட்டுப் பூடுவ."

"பொய் சொன்னது நீங்கதானே!" நர்சுகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன்.

"நீ கூடத்தான் சொன்ன. நாளைக்கு நிச்சயம் பண்ணிடுவோம்னு."

உண்மைதான். முந்தின சாயங்காலம் வார்டில் சொல்லியிருந்தேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வேன். அப்படிச் சொன்னால் சீக்கிரம் வார்டை விட்டுக் கிளம்பிவிடலாம்.

அன்று திரும்பும்போது ரயிலில் தூங்கிப்போய், ஊரப்பாக்கத்தைத் தாண்டி செங்கல்பட்டில் கண் விழித்தேன். பெட்டியில் யாருமில்லை. அம்மா போனில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டபோது, இறங்கிவிட்டேன் என்று அங்கேயும் ஒரு பொய் சொன்னேன்.

அறுவை மருத்துவரிடம் கெஞ்சி, இரண்டு நாள் கழித்து மீனவரைப் பட்டியலில் முதல் ஆளாக்கினேன். முந்தின சாயங்காலம் வார்டுக்குப் போனபோது 'நிச்சயம்' என்ற வார்த்தையை விட்டுவிட்டேன்.

"எட்டு மணிக்கு முதல் கேஸ் நீங்க. ராத்திரி பத்துக்கு மேல சாப்பாடு கூடாது. காலைல ஆறு மணி வரைக்கும் தண்ணி குடிக்கலாம். அவசர கேஸ் வந்தா தள்ளிப்போகும். தள்ளிப்போனா உடனே வந்து சொல்றேன், பட்டினி போட மாட்டேன்."

தண்ணீர் குடிக்கலாம் என்பது நாங்கள் படித்ததுதான். யார் முறை எப்போது வரும் என்று தெரியாததால், ஒரு சொட்டு கூடக் கூடாது என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லிவைத்திருந்தோம்.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாமே?" என்று கேட்டார் அவர் மனைவி.

மறுநாள் காலை முதுகு ஊசி முதல் முயற்சியிலேயே பிடித்தது. "காலு எங்க கீதுன்னே தெர்ல," என்றார். கொஞ்ச நேரத்தில் குறட்டை விட ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் அவர் தலைமாட்டில் நின்று, திரையில் ஓடும் எண்களையும் அந்தத் தூக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமையாக இருந்தது.

வெளியே கொண்டு வந்தபோது அவர் மனைவி, "முடிஞ்சிதா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். கணவரின் மரத்துப்போன பாதத்தைப் பிடித்துக்கொண்டு தள்ளுவண்டியோடு கூடவே நடந்துபோனார்.

அன்று பட்டியலில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். கடைசி இருவருக்கு முறை வராது என்று மதியம் பன்னிரண்டுக்கே தெரிந்துவிட்டது. மூணு மணி வரை காத்திருக்காமல் அப்போதே வார்டுக்குப் போய்ச் சொன்னேன். ஒருவர் திட்டினார். இன்னொருவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.